பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடணுமா? விண்டோஸ் 10க்குப் பிறகு என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய மடிக்கணினி ஒன்று இருக்கா? அம்மா அதில் யூடியூப் பார்ப்பார், அப்பா வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பார். நன்றாகத்தான் ஓடுது. ஆனால் விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று பார்த்தால், 'இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை' என்கிறது.

பிரச்சினை கணினியிலா, மென்பொருளிலா?

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது.

அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் இனி அடைக்கப்படமாட்டா. அந்த ஓட்டைகளைத் தேடுபவர்கள் மட்டும் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் உள்ள கணினியில் இது சின்ன விஷயம் இல்லை.

ஏன் விண்டோஸ் 11 ஏறமாட்டேங்குது?

4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் இருந்தால் மட்டும் போதாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. அது 2017இல்தான் சந்தைக்கு வந்தது. எனவே 2016இல் வாங்கிய நல்ல கணினியும் வாசலிலேயே நிற்கிறது.

பாதுகாப்புக்காகவே இந்த விதி என்கிறது நிறுவனம். ஓடுகிற கணினிகளைக் குப்பைக்கு அனுப்பும் விதி என்கிறார்கள் குறைகூறுவோர். இரண்டிலும் உண்மை இருக்கு. ஆனால் புதுக் கணினிக்குப் பணம் கொடுக்கப்போவது நீங்கள்தான்.

உங்கள் முன் என்ன வழிகள்?

கூடுதல் பாதுகாப்புத் திட்டம்: 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் கட்டணம் இல்லை. இது அவகாசம்தான், தீர்வு இல்லை.

லினக்ஸ்: மின்ட், உபுண்டு போன்ற இயங்குதளங்கள் இலவசம். மின்ட், பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்: எல்லா வேலையும் பிரவுசரில்தான் என்றால் இது போதும். ஆனால் ஆண்ட்ராய்ட் செயலிகள் ஓடாது.

எப்படி மாற்றுவது?

முதலில் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிரைவில் நகல் எடுங்கள். வட்டை அழித்து நிறுவியபிறகு அவற்றைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பலர் தலையில் கை வைத்து உட்காருவது இங்கேதான்.

பிறகு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தை அதன் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து பதிவிறக்குங்கள். கோப்பை அப்படியே நகல் எடுத்தால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளைக் கொண்டு டிரைவில் எழுத வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

கணினியை மறுபடி தொடங்கும்போது எஃப்2, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்றை அழுத்தினால் பென் டிரைவிலிருந்து தொடங்கும் வசதி வரும். எந்த விசை என்பது கணினியைப் பொறுத்தது.

இப்போ ஒரு நல்ல விஷயம்: மின்ட், உபுண்டு இரண்டையும் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. பிடிக்கவில்லையா? டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள்.

யாருக்கு ஒத்துவராது?

ஃபோட்டோஷாப், கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடா. வேலரன்ட் போன்ற விளையாட்டுகளும் ஓடா. பள்ளி, அலுவலகம் கொடுத்த கணினியில் இதையெல்லாம் செய்துபார்க்க வேண்டாம்.

சரி, தூக்கிப் போட்டால்தான் என்ன?

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையிலிருந்து அதற்கெனத் தனிச் சேகரிப்பு முறை நடப்பில் உள்ளது. நிஜமாகவே பழுதான கணினியைத் தகவல்களை அழித்துவிட்டு அங்கே போடலாம்.

ஓடும் கணினியின் கதை வேறு. 2020இல் கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் படிக்க வேண்டி வந்தபோது, நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளை 'என்ஜினியரிங் குட்' அமைப்பின் தொண்டூழியர்கள் சரிசெய்து, தேவைப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் 'பழசு' என்று ஒதுக்கியது இன்னொரு வீட்டில் பிள்ளையின் வகுப்பறை ஆனது.

ஆகவே புதுசு வாங்கும் முன் அம்மா அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்க: இதில் என்னென்ன செய்றீங்க? பதில் பிரவுசர், காணொளி, வங்கி என்றால், ஒரு பென் டிரைவும் ஒரு சனிக்கிழமை மதியமும் போதும். அதுவரை வங்கி வேலையைப் புதுப்பிப்பு வரும் கைத்தொலைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.