தனியாகப் போனால் தூண்டில், ஜோடியாகப் போனால் உலா... ஒரே பெடல் கயாக் போதுமா?

கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதிக்காத திண்டுக்கல்காரரைப் பார்ப்பது அபூர்வம். மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய ஏரி அது. அரை மணி நேரம் முட்டி வலிக்க மிதித்தாலும் கரை மட்டும் நகராது. அந்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு ‘பெடல் கயாக்’ என்ற பெயரைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால், இது வேறு ஜாதிப் படகு. ஒடுங்கலாக, நீளமாக இருக்கும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல், ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார வேண்டும். கால் மிதிக்கும், கை சும்மா இருக்கும். தூண்டில் போடுபவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997-ல் இப்படியொரு மிதி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. படகின் அடியில் இரண்டு துடுப்புகள் பென்குயின் இறக்கை மாதிரி இப்படியும் அப்படியும் வீசும். வேறு சில நிறுவனங்கள் சைக்கிள் மாதிரி சுற்றி மிதித்தால் சுழலும் விசிறியை வைக்கின்றன. விசிறி வகையில் பின்னோக்கி மிதித்தால் படகும் உடனே பின்னால் வரும். இறக்கை வகையின் பழைய மாடல்களில் இந்த வசதி கிடையாது. ஆனால், ஆழம் குறைந்த இடத்தில் இறக்கைகளை படகின் வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊர்த் தண்ணீருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆத்தூர் காமராஜர் அணையின் முழு உயரமே 23.5 அடிதான். கோடையில் தண்ணீர் வற்றும்போது எந்த அணையிலும் கரையோரம் சேறும் முள்மரக் கட்டைகளுமாகக் கிடக்கும். கண்மாய் என்றால் ஆகாயத்தாமரை வேறு. விசிறியில் கொடி சுற்றினால் நடுத்தண்ணீரில் நிறுத்தி, இயந்திரத்தைத் தூக்கிப் பிய்த்தெடுக்க வேண்டும். விரால் இருப்பதோ அந்தக் கொடியோரத்தில்தான்! அதனால், இயந்திரம் எதுவானாலும் ஒரு கைத்துடுப்பு படகில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது, வாங்குபவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் சங்கதி. இரண்டு பேர் படகில் ஒருவர் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். காற்று அந்த மூக்கைப் பிடித்துத் திருப்பும். எவ்வளவு மிதித்தாலும் படகு கோணலாகத்தான் போகும். பரிசல்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. வட்டப் பரிசலுக்கு முன்பக்கம் ஏது, பின்பக்கம் ஏது? தனியாளோ, கூட ஒருவரோ, எடையைப் பார்த்து இடம் மாறி உட்கார்ந்துகொள்வார். கயாக்கிலும் அந்த வசதி வேண்டும். இருக்கையை நடுப்பகுதிக்கு நகர்த்த முடிகிறதா? நகர்த்தினால் அங்கே பெடல் மாட்ட வழி இருக்கிறதா? சுக்கானைத் திருப்பும் கைப்பிடி எந்த இருக்கையில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் கடைக்காரர் படகைக் காட்டி பதில் சொல்ல வேண்டும். போனில் ‘எல்லாம் வரும் சார்’ என்றால் நம்ப வேண்டாம். தனியாகப் போகும் நாளில் இரண்டாவது பெடலைக் கழற்றி, அந்த ஓட்டையை அதற்கான மூடியால் அடைத்துவிடலாம். எடையும் குறையும், தண்ணீரின் இழுவையும் குறையும்.

எடை என்றதும் இன்னொன்று. 13, 14 அடி நீள இருவர் பெடல் கயாக் 50 கிலோவுக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். இரண்டு பேர் இருந்தால் கார் கூரையில் ஏற்றிவிடலாம். தனியாகப் போகும் நாளில்? இரண்டு சக்கரத் தள்ளுவண்டி தேவை, இல்லையென்றால் டிரெய்லர். வீட்டில் வைக்கவும் நிழலான இடம் வேண்டும். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் பிளாஸ்டிக் பொரிந்து போகும். (சங்கிலி போட்டுப் பூட்டுவதில் மட்டும் திண்டுக்கல்காரருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.) தாங்கும் எடை 220 கிலோ என்று போட்டிருந்தால், ஆட்களும் சாமான்களும் சேர்த்து 150 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், எங்கே இறக்குவது? லட்சத்தைத் தாண்டும் பொருளை வாங்கிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. காமராஜர் அணை திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தருவது. பழனிப் பக்கம் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி அணைகள் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. அணைகளிலும் கண்மாய்களிலும் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைதாரரிடமோ சங்கத்திடமோ இருக்கும். அந்த மீனை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விரித்த வலைக்கு மேலே பொழுதுபோக்குக்காரர் மிதித்துப் போனால் சண்டை வராமல் என்ன செய்யும்? நீர்வளத் துறை, மீன்வளத் துறை இரண்டிலும் எழுத்தில் அனுமதி கேட்டு, குத்தகைதாரரிடமும் பேசிவிட்டு, அப்புறம் விலை விசாரிக்கலாம். அனுமதி கிடைக்கவில்லையா? காற்றடைக்கும் இருவர் கயாக் லட்சத்துக்கு வெகு கீழேயே கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் பெடல் இருக்காது, துடுப்புதான். ஆனால், மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு அனுமதியுள்ள வேறு ஊர் நீர்நிலைக்குப் போய்வரலாம்.

வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவது கவிழ்ந்தால் என்ன ஆகும் என்றுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அகலம் 34 அங்குலத்துக்கு மேல் இருக்கும் கயாக் சுலபமாகக் கவிழாது. ஆனால், கவிழ்ந்துவிட்டால் அதே அகலமும் எடையும் எதிரியாகிவிடும். தனியாளால் புரட்டி நிமிர்த்துவது பெரும்பாடு. அதனால் முதல் நாள் தூண்டிலைத் தொடவே கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில், கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறிப் பழக வேண்டும். ஜோடியாகப் போகும் இருவருமே இதைச் செய்ய வேண்டும். தனியாக ஏற முடியாதவர் தனியாக மீன்பிடிக்கப் போகக் கூடாது. லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். நெஞ்சளவுக்கும் எடைக்கும் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்தே வாங்குங்கள். விசிலை அதிலேயே கட்டிவிடுங்கள்.

அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் நீளப் படகு எம்மாத்திரம்! அந்த மாதங்களில் விடிகாலையில் இறங்கி, காற்று கிளம்பும் முன் கரையேறிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அணை நிறைந்து, தண்ணீர் தெளியும் தை, மாசிதான் புதிதாகப் பழகுபவர்களுக்குத் தோது.