கேலிக்கு அனுமதி, மரியாதைக்குத் தடையா?

மலேசியாவின் பெண்டாங், கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தமிழ் வீடுகளில் மின்னல் எஃப்எம், ராகா வானொலிகள் நாள் முழுக்க ஒலிக்கின்றன. அவற்றின் பாடல்களில் காதல் என்றால் ஆணும் பெண்ணும்தான். திருநங்கையோ தன்பால் ஈர்ப்புள்ளவரோ தமிழ்ப்படத்தில் தலைகாட்டினால், பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வருகிறார். 2015இல் 'ஐ' படம் தங்களை இழிவுபடுத்துவதாகச் சென்னையில் திருநங்கைகள் போராடினார்கள். இத்தகைய கேலி எளிதில் வீட்டுக்கூடம் வரை வந்துவிடுகிறது. மரியாதையோடு பேசும் பாட்டுத்தான் வாசலில் நிறுத்தப்படுகிறது. இந்த அநீதி தொடரக்கூடாது.

2011இல் லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' பாடலில், ஓரினக் காதலரையும் திருநரையும் ஏற்கும் வரிகள் மட்டும் மலேசிய வானொலிகளில் புரியாதபடி சிதைக்கப்பட்டன. 2018இல் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் வாழ்க்கையைச் சொன்ன 'பொஹிமியன் ராப்சடி' படத்தில் அவருடைய காதல் தொடர்பான காட்சிகள் இங்கே வெட்டப்பட்டன. வெட்டப்பட்டது ஆபாசமல்ல, அங்கீகாரம். தமிழிலோ, 2021இல் கோவிந்த் வசந்தா இசையில் வந்த 'மகிழினி' பாடல் இரு பெண்களின் காதலை எந்தக் கொச்சையும் இல்லாமல் காட்டியது. நம் மொழியில் இது முடியும் என்பதற்கு அதுவே சான்று.

சட்டம் இடம் தராது என்பார்கள். தண்டனைச் சட்டம் 377பி பிரிவு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிப்பது உண்மை. ஆனால் அது தண்டிப்பது உடலுறவுச் செயலை. ஒருவரின் மனத்தைப் பாடுவதை அல்ல. ஒலிபரப்பு நெறிமுறைகளோ மனிதர் வகுத்தவை, மனிதரால் திருத்தத்தக்கவை. ஓரினக் காதல் மேற்கத்தியச் சரக்கு என்ற வாதமும் நிற்காது. மேற்கிலிருந்து வந்தது அந்தச் சட்டம்தான். ஆங்கிலேயர் இந்தியாவிலும் விட்டுச்சென்ற 377ஆம் பிரிவை, இசைந்த வயதுவந்தோர் உறவைப் பொறுத்தவரை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாததாக்கியது. தமிழ்நாட்டின் கூவாகத்திலோ ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கைகள் மகாபாரத அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தக் குரல் நம் மண்ணின் குரல்.

பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆண்–பெண் காதல் பாட்டு மட்டுமே கேட்டும், தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் மாறிவிடவில்லை. பாட்டு ஈர்ப்பை உண்டாக்காது; தனிமையைக் குறைக்கும். 'ஒம்போது' என்ற பட்டப்பெயரோடு பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு அந்த ஆறுதல் பெரிது. 2023 ஜூலையில் சிப்பாங் இசை விழா மேடையில் பிரிட்டனின் 'தி 1975' இசைக்குழு செய்ததை நினைவூட்டுவோரும் உண்டு. அரசைச் சாடி, சக கலைஞருக்கு முத்தமிட்டு அவர்கள் போய்விட்டார்கள். விழா ரத்தாகி உள்ளூர்க் கலைஞர்கள் மேடையை இழந்தார்கள். அந்த வழியை நாம் ஆதரிக்கவில்லை. வெளியார் நடத்தும் ஆர்ப்பாட்டத்தைவிட, நம் கலைஞர் நம் மொழியில் பாடும் கண்ணியமான பாட்டே இங்கு வேரூன்றும்.

ஆகவே மலேசியத் தமிழ்ப் பாடலாசிரியர்கள் இம்மனிதர்களின் அன்பையும் எழுதட்டும். வானொலி நிலையங்கள் கேலிப் பாட்டை ஒதுக்கி, மரியாதைப் பாட்டுக்கு நேரம் தரட்டும். நெறிமுறை குறுக்கே நின்றால், அதைத் திருத்தும்படி அமைச்சிடம் கேட்கட்டும். கேட்கும் நாமோ, இழிவைக் கேட்டுச் சிரிப்பதை இன்றே நிறுத்துவோம்.