குவளைமேல் வைத்த அட்டை

பியரைப் பற்றி இந்த வாரம் எழுதப்போகிறேன் என்றதும், "பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற பக்கமல்லவா?" என்று வீட்டிலே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்பதை நமது நாட்டில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. உடலுக்குத் தீங்கு செய்யாத மது அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 தை மாதத்திலே கூறியும் விட்டது. இவ்விரண்டையும் முன்னே வைத்துக்கொண்டுதான், அதே ஆண்டு ஆவணியில் ஜேர்மனியிலே நான் கண்டதையும் சுவைத்ததையும் சொல்லத் துணிகிறேன்.

நாங்கள் மூவர், ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொலோன் நகரில் வாழ்பவன். உணவுச்சாலையொன்றிற் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரனாக உயர்ந்தவன். மற்றவன் சூரிச்சிலிருந்து வந்தான். இவனுக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூர்ப் பியரில் ஒரு குவளை வாங்கி, அதன் நிறம், மணம், கசப்பு ஆகியவற்றைச் சிறிய கொப்பியொன்றிற் குறித்து வைப்பான். நானோ, யாரேனும் வற்புறுத்தினால் ஆண்டுக்கொரு மிடறு என்ற அளவில் உள்ளவன். சூரிச் நண்பனின் கொப்பிக்காகவே அந்தப் பயணம் ஒழுங்காயிற்று. வழிகாட்டி கொலோன் நண்பன்.

முதல் மாலை, 1248 இல் தொடங்கி 1880 இல் கட்டி முடித்த அந்தப் பேராலயத்துக்கு அண்மையிலுள்ள பழைய மதுச்சாலை ஒன்றிற்கு அழைத்துப் போனான். கொலோன் நகரத்துப் பியருக்குக் கோல்ஷ் என்று பெயர். அந்நகரிலும் அதன் அயலிலும் வடித்ததற்கே அப்பெயர் உரியது என்று 1986 இல் 24 வடிசாலைகள் கையொப்பமிட்டு உடன்படிக்கை செய்துகொண்டன; 1997 முதல் ஐரோப்பியச் சட்டமும் அதைக் காக்கிறது. 200 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும் ஒடுங்கிய நெடுங்குவளையில் அதை வார்க்கிறார்கள். பெரிய குவளையென்றால் பாதி குடிப்பதற்குள் நுரை அடங்கிச் சுவை செத்துவிடும் என்பது அவர்கள் கொள்கை.

பரிமாறுபவரை அங்கே கோபெஸ் என்று அழைப்பர். நடுவிலே பிடியுள்ள வட்டத் தட்டத்திற் குவளைகளை அடுக்கிக்கொண்டு மேசைகளுக்கிடையே சுற்றிவருவார். வெறுங்குவளையைக் கண்டால் கேளாமலே புதியதை வைத்து, குவளைக்கு அடியிலுள்ள கடதாசி அட்டையிற் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதும் என்று வாயாற் சொல்லும் வழக்கம் இல்லை. அட்டையை எடுத்துக் குவளையின் வாய்மேல் மூடிவைக்கவேண்டும். வைக்காதவரை குவளை வந்துகொண்டேயிருக்கும்.

கோபெஸ் என்பாரின் குத்தல் பேச்சு அந்நகரிலே பிரசித்தம். எங்கள் வழிகாட்டி தனக்குத் தண்ணீர் கேட்டான். "சவர்க்காரமும் துவாயும் வேண்டுமா?" என்றார் அவர். நண்பன் சற்றும் தயங்காமல் அந்நகரப் பேச்சு மொழியிலேயே, "சவர்க்காரம் வீட்டில் இருக்கிறது, துவாய் மட்டும் போதும்" என்றான். மேசையே சிரித்தது. அவன் ஏன் தண்ணீர் கேட்டான் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. கார் ஓட்டவேண்டியிருக்கும் என எண்ணினேன்.

சூரிச் நண்பன் எனக்குச் சுவைக்கக் கற்பித்தான். முதலில் வெளிச்சத்திற் பிடித்து நிறம் பார்த்தல்; பிறகு குவளையைச் சற்றே சுழற்றி முகர்தல்; பிறகு ஒரு சிறு மிடறு. திராட்சை மதுவைச் சோதிப்பவர் துப்பிவிடுவதுண்டு. பியரை விழுங்கியே ஆகவேண்டும், ஏனெனில் ஹொப்ஸ் பூவின் கசப்பு விழுங்கிய பின்னரே முழுமையாகத் தெரியும் என்றான். சுவை என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. தடிமன் பிடித்த நாளில் இரசம் வெந்நீராய்ப் போவதை அறியாதார் யார்? மிகையாகக் குளிரூட்டினாலும் இதே கதிதான். நமது ஊரிற் பல்லுக் கூசும்படி குளிரவைத்து அருந்துவோர் எதைச் சுவைக்கிறார்களோ, நானறியேன்.

இவ்விடத்தில் ஆசிரியனுக்குரிய குணம் தலைகாட்டுவதை வாசகர் பொறுத்தருள்க. பெரும்பாணாற்றுப்படையிலே வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதி ஒன்றுண்டு. அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, நல்ல முளையை இடித்து அதிற் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியிலே முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் மது அங்கே சொல்லப்படுகிறது. முளையை எதற்காக இடித்துச் சேர்க்கவேண்டும் என்று என் மாணவர் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். விடையைக் கொலோனில் அறிந்தேன். தானியம் முளைக்கும்போது அதில் உண்டாகும் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. அவ்வெல்லத்தை மதுவம் உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடுகின்றது. பியருக்கு வாற்கோதுமையை நனைத்து முளைக்கவைத்து உலர்த்துவதும் இதற்காகவே. பனையின் சாற்றில் வெல்லம் முன்பே இருப்பதால் கள்ளுக்கு முளை வேண்டியதில்லை. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் நொதியாமற் கருப்பணியாக நின்றுவிடும். 1516 இல் பவேரியப் பிரபுக்கள் பியருக்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் இவை மூன்றன்றி வேறெதுவும் ஆகாது என்று கட்டளையிட்டபோது, மதுவத்தைக் குறிப்பிடவில்லை. அதன் தொழிலை அன்று எவரும் அறியார். லூயி பாஸ்ரர் பியரைப் பற்றிய தமது ஆராய்ச்சி நூலை வெளியிட்டது 1876 இலேதான்.

அது நிற்க. இரண்டாம் நாட் காலையிற் புகையிரதமேறிப் பாம்பேர்க் என்னும் ஊருக்குப் போனோம். அங்கே முளைத்த வாற்கோதுமையை பீச் மரக் கட்டைகளின் நெருப்புப் புகையில் உலர்த்துகிறார்கள். கரிய நிறமான பியர் வந்தது. வாயில் வைக்குமுன், "பொறு" என்றான் கொலோன் நண்பன். "முதலிலை பொச்சுப் புகை மணக்கும், எங்கட ஊர்ப் புகையிலைக் குடில் மாதிரி. ரெண்டாவது மிடறிலை புகை குறையும். பிறகு பாண் கருகின இனிப்பு ஒண்டு வரும், பார்." அப்படியே வந்தது. சூரிச் நண்பனின் கொப்பியில் அன்றைக்கு எழுதப்பட்ட குறிப்பு முழுவதும் அவன் வாய்ச்சொல்தான். எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், "வந்ததா? வந்ததா?" என்று கேட்டான். அவன் முன்னால் அப்பிள் சாற்றிற் சோடாநீர் கலந்த குவளை ஒன்று இருந்தது. மதுசாரமற்ற பியராவது எடேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

திரும்பும் வண்டியிலே, சூரிச் நண்பன் உறங்கிய பிறகு, காரணத்தைச் சொன்னான். நான்காண்டுகளுக்கு முன் வேலை போயிற்று. ஏழு வாரம் வைத்தியசாலையில் இருந்தான். மனைவி பிள்ளைகளுடன் தமக்கை வீட்டுக்குப் போய் ஓராண்டு கழித்தே திரும்பினாள். அந்நாட்டில் மதுசாரமற்றது என விற்கும் பியரிலும் நூற்றுக்கு அரைப் பங்கு வரை மதுசாரம் இருக்கலாமாம். ஆனால் தான் அஞ்சுவது அந்த அரைப் பங்கையன்று, மணத்தையே என்றான்.

"அப்படியானால் எங்களை ஏன் கூட்டிக்கொண்டு திரிகிறாய்?" என்றேன். என் குரலிற் சினம் இருந்தது, அவன்மீதன்று.

"ருசி எல்லாம் வந்த புதிசிலை படிச்சது மச்சான். கடைசி ஆறேழு வருசம் நான் குடிச்சது என்ன ருசியெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் ஞாபகம் வருது."

நான் பேசாமலிருந்தேன். பிறகு, ஊரைப் பற்றி எனக்கிருந்த ஒரு கருத்தைச் சொன்னேன். கல்யாண வீடுகளில் ஆண்கள் கொல்லைப்புறத்துக்கோ வாகனத்தடிக்கோ போய், யாரும் காணுமுன் சாராயத்தை மூச்சுவிடாமல் விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பந்திக்கு வருகிறார்கள். தவறணையிலும் நின்ற நிலையிலேயே முடிகிறது. ஒளித்துக் குடிப்பதனால் அவசரம். அவசரத்தினால் அளவு தெரிவதில்லை. இங்கே குடும்பமாக இருந்து வெளிச்சத்திலே சிறு குவளையிற் குடிக்கிறார்களே, இது மேலல்லவா என்றேன்.

"நானும் வெளிச்சத்திலைதான் குடிச்சனான்" என்றான் அவன். "சின்னக் கிளாசிலைதான் குடிச்சனான். ஒருத்தரும் என்னை ஒளிக்கச் சொல்லேல்லை."

பல ஆண்டுகளாக மேடைகளிலும் வகுப்புகளிலும் நான் சொல்லிவந்த கருத்து அது. அதற்கு அவன் கொடுத்த மறுமொழிக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. கொல்லைப்புறக் குடி கெட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. திறந்த மேசை எல்லாரையும் காக்கும் என்றுமட்டும் இனிச் சொல்லமாட்டேன்.

கடைசி மாலை மறுபடியும் கொலோனில், அதே மதுச்சாலையில் இருந்தோம். போகவேண்டாம் என்று நானும் சூரிச் நண்பனும் சொல்லிப் பார்த்தோம், அவன் கேட்கவில்லை. அதே கோபெஸ் வந்தார். இம்முறை கேளாமலே அவனுக்குத் தண்ணீர் வைத்தார். கூடவே மடித்த துவாய் ஒன்றையும் வைத்துவிட்டு, சிரியாமற் போய்விட்டார். பேச்சு பழைய பள்ளிக் கதைகளிற் புகுந்தது. தோட்டத்து மதில் ஏறி மாங்காய் பறித்துப் பிடிபட்டது, அதிபரின் பிரம்பு, 1995 இல் இடம்பெயர்ந்தபோது வழியிலே தொலைத்த சைக்கிள். நான் மிகவும் உற்சாகமாக இருந்தேன். பாதி நிரம்பிய குவளை என் கையருகே இருந்தது.

கதையின் நடுவே கொலோன் நண்பன் கைநீட்டி, என் அட்டையை எடுத்து என் குவளையின்மேல் வைத்தான்.

"நான் இன்னும் முடிக்கேல்லை" என்றேன்.

"தெரியும். இது எத்தினையாவது எண்டு சொல்லு பாப்பம்?"

எனக்குத் தெரியவில்லை. அட்டையைப் புரட்டிப் பார்த்தோம். ஐந்து கோடுகள் இருந்தன. நான் மூன்று என்று எண்ணியிருந்தேன். கடைசி இரண்டும் எப்படிச் சுவைத்தன என்று சூரிச் நண்பன் கொப்பியைத் திறந்துகொண்டு கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுக் கொப்பியை மூடினான். பணத்தைச் செலுத்திவிட்டு, ஆற்றோரமாக நடந்து நிலையத்துக்குப் போனோம்.