"குடு பாட்டி, நானே அனுப்புறேன்!"

பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியாதாம். பேரன் போனைப் பிடுங்கி இரண்டே நொடியில் அனுப்பிவிட்டு, "அவ்ளோதான், ஈஸி!" என்கிறான். இதற்குப் பெயர் உதவியா மக்களே?

இந்த வசதி வந்தது 2013-ல். இன்றும் பல வீடுகளில் பெரியவர்கள், பேரன் காலேஜ் விட்டு வரும்வரை காத்திருக்கிறார்கள். துபாயில் இருக்கும் மகளிடம் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால்? போனைப் பிடித்திருப்பது அந்த மருமகளின் பிள்ளைதானே! வயதானால் ரகசியமே இருக்கக்கூடாதா?

"சொல்லிக் கொடுத்தா மறந்துடறாங்க" என்பது அடுத்த சாக்கு. தன் விரல் செய்யாத வேலை யாருக்குத்தான் நினைவிருக்கும்?

உண்மையான சிக்கல் வேறு. மற்றப் பொத்தான்களைத் தொட்டால் போதும். மைக் படத்தை மட்டும் அழுத்திப் பிடித்தபடி பேச வேண்டும். விரலை எடுத்தால் மெசேஜ் போய்விடும். நடுங்கும் விரல் நழுவினால் பாதிப் பேச்சுதான் போய்ச் சேரும். இதற்கும் வழி உண்டு. அழுத்திய விரலை அப்படியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டு ஆற அமரப் பேசலாம். பேசியது பிடிக்கவில்லையா? குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் அழிந்துவிடும்.

இதைப் பேரன்கள் வாயால் சொன்னால் போதும். போன் பாட்டி கையிலேயே இருக்கட்டும். நாலு தரம் தப்பாகப் போனால்தான் என்ன? நடை பழகும்போது விழுந்தான் என்பதற்காக, அவனை யாரும் இன்றுவரை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரியவில்லையே!