பட்டறையும் பள்ளிக்கூடமும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள சாலைகளில் போகிறவர்கள் பல வருஷங்களாகக் கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வந்த லாரி, வெறும் சட்டமும் சக்கரமும் எஞ்சினுமாகப் பட்டறை வாசலில் நிற்கும். இதற்குச் 'சேஸிஸ்' என்று பெயர். சில வாரங்கள் கழித்து அதே வண்டி, மரமும் இரும்பும் சேர்ந்த உடல் பெற்று, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரும் பின்புறத்தில் மயிலும் தாமரையுமாகக் கல்யாணப் பெண் மாதிரி வெளியே வரும். தேசத்தின் பல திசைகளிலிருந்தும் லாரிக்காரர்கள் பாடி கட்டுவதற்கென்றே இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். பக்கத்துத் திருச்செங்கோட்டிலோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் 'ரிக்' வண்டிகளை வைத்துக்கொண்டு வட இந்தியா முழுவதும், கடல் கடந்து ஆப்பிரிக்காவிலுங்கூடத் தண்ணீர் தேடிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய தொழிலுக்கு வரைபடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மேஸ்திரியின் தலைக்குள் இருக்கிறது என்பதுதான் விடை. அவர் சிமெண்டுத் தரையில் சாக்குக் கட்டியால் நான்கு கோடு போடுவார், வேலை நடக்கும். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த நான்கு கோட்டைப் போடுவதற்கு முப்பது வருஷத்துப் பழக்கம் வேண்டும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. பேருந்துக்கு உடல் கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 052 என்றும், லாரிக் கேபினுக்கும் பாடிக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்றும் நாடு முழுவதற்குமான விதித் தொகுப்புகள் வந்துவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்றும் சர்க்கார் உத்தரவிட்டிருக்கிறார்கள். பாவம், வெயிலில் வெந்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது வெகு நாளைக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய சௌகரியம். விஷயம் என்னவென்றால், சாக்குக் கோடு இனிப் போதாது. அளவு குறித்த வரைபடம் வேண்டும்; வேறோர் ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதைப் படித்து, விதிக்குப் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் பிள்ளைகளை இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தயார் செய்கின்றனவா?

நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துப் பள்ளிகளின் கீர்த்தியை நேயர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பெற்றோர்கள் பிள்ளைகளை இங்கே விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பரீட்சை முடிவு வெளியானால் பஸ் நிலையத்தில் ஆளுயரப் படங்கள் முளைக்கும். 2017-இல் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைச் சர்க்கார் நிறுத்திய பிறகு படங்கள் சற்றுக் குறைந்தன, மனப்பாடம் குறையவில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு அதே யந்திரம் இப்போது வேறு பல்சக்கரத்தில் ஓடுகிறது. இந்தப் பள்ளிகளில் சித்திர வகுப்பு என்று ஒன்று கால அட்டவணையில் இருக்கத்தான் இருக்கிறது. அந்த மணி நேரத்தில் கணக்கு உபாத்தியாயர் உள்ளே வந்துவிடுவார். நாமும் அந்தக் குற்றத்தைச் செய்தவர்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை கவிஞராகப் புகழ் பெறுவதற்கு முன்னால் சித்திரக்காரர்; தூரிகை அவருக்குச் சோறு போட்ட கருவி. அப்படிப்பட்ட ஊரில் சித்திரம் வகுப்பில்லாத வகுப்பாகிவிட்டது!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில், எடிசன் பெயர் கொண்ட உயர்நிலைப் பள்ளியில், 1969-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். பள்ளிக்குள்ளே மின்சாரத் தொழிலை மையமாக வைத்து ஒரு சிறு பள்ளி அமைத்தார்கள். ஒரே கூட்டமான பிள்ளைகள் சில வருஷங்கள் ஒரே ஆசிரியர் குழுவிடம் படிப்பார்கள். கணக்கும் விஞ்ஞானமும் மொழியும் உண்டு. அவற்றோடு தொழிலும் உண்டு. ஊர்த் தொழிற்சாலைக்காரர்கள் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போவார்கள். இந்த மாதிரி பிறகு நாடெங்கும் பரவியது. வடிவமைப்பு, எஞ்சினீயரிங், கம்ப்யூட்டரில் படமும் ஒலியும் தொகுக்கும் கலை ஆகியவற்றுக்கென்றே தனிப் பிரிவுகள் இப்போது அங்கே இருக்கின்றன.

இதனால் பிரயோசனம் உண்டா என்று நிதானமாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது பள்ளிகளில், இடத்தைவிட அதிகமாக மனு வந்தபோது, சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் பள்ளி முடிந்து எட்டு வருஷம் வரையில் பின்தொடர்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்களின் வருமானம் சராசரியாக 11 சதவிகிதம் அதிகம்; ஆண்பிள்ளைகளுக்கு 17 சதவிகிதம். பரீட்சை மதிப்பெண் கூடவில்லை. ஆனால் காலேஜுக்குப் போய்ப் பட்டம் பெறுவதில் அவர்கள் மற்றவர்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை. நம் நோக்கில் வருமானக் கணக்கைவிடக் கடைசியாகச் சொன்ன செய்திதான் பெரிது. தொழில் கற்றதனால் மேற்படிப்பின் கதவு அடைபடவில்லை.

நம் தேசத்தில் இதே விஷயத்தைப் பேசாத கமிஷன் இல்லை. 1882-இல் ஹண்டர் கமிஷன், உயர்நிலைப் பள்ளியில் சர்வகலாசாலைக்கு ஒரு வழியும் தொழிலுக்கு ஒரு வழியும் வேண்டும் என்றது. 1952-53-இல் லக்ஷ்மணசாமி முதலியார் கமிஷன் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1964-66-இல் கோத்தாரி கமிஷனும் அதையே வற்புறுத்தியது. அறிக்கைகளின் கனத்தை நிறுத்துப் பார்த்தால் ஒரு லாரிச் சுமை தேறும்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1953. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். அந்த நகரசபையின் தலைவராக 1917 முதல் 1919 வரை பணி செய்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, நூற்பையும் கதரையும் கிராம மக்களிடையே பரப்பியவர். கைத்தொழிலில் அவருக்கு இருந்த பற்று வேஷமன்று. இருந்தும் அவர் முதல் மந்திரியாக 1953-இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. பெற்றோரின் தொழில் என்றால் என்ன? நம் சமூகத்தில் அது ஜாதியின் மறு பெயர் அல்லவா? சக்கிலியர் மகன் தோலுக்கும், வண்ணார் மகன் துறைக்கும், குயவர் மகன் சக்கரத்துக்கும் திரும்ப வேண்டும் என்றே ஜனங்கள் அதற்கு அர்த்தம் செய்தார்கள். 'குலக்கல்வி' என்று பெயரிட்டுப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி விலகினார். காமராஜர் பதவியேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயமே என்பது நம் அபிப்பிராயம். அந்தச் சொல்லின் சூடு இன்னும் ஆறவில்லை. 2024-இல் மத்திய சர்க்காரின் விசுவகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அப்படியே ஏற்க மறுத்ததும் இதே காரணத்தால்தான்.

அடுத்த முயற்சி 1978-இல். மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டுக்கு வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. மேல்நிலைக் கல்வியில் தொழிலுக்கு இடம் தேடுவதற்காக அதே வருஷம் மத்திய சர்க்கார் அமைத்த குழுவுக்குத் தலைவர் நம் மால்கம் ஆதிசேஷையா. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையோ, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் நூற்றுக்குப் பத்துப் பேரும் 1995-க்குள் இருபத்தைந்து பேரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று குறி வைத்தது. 1992-இல் அந்த வருஷங்களை 1995, 2000 என்று தள்ளி வைத்தார்கள். அப்பொழுதும் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்கு விடை பள்ளி அலுவலகத்து மேஜையிலே இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மதிப்பெண் பட்டியலோடு வருகிறான். நிறைய வாங்கியவனுக்கு விஞ்ஞானம், நடுத்தரத்துக்கு வணிகவியல், எங்கும் இடமில்லாதவனுக்குத் தொழிற்பிரிவு. பையனுக்குக் கையில் சாமர்த்தியம் உண்டா, கோடு நேராக வருமா என்று கேட்பார் இல்லை. 2018-க்குப் பிறகு இப்பிரிவுக்குப் புதுப் பாடநூல்கள் வந்தன. இயந்திரம், மின்சாரம், மின்னணு, கட்டடம், ஊர்தி, நெசவு, ஆடை வடிவமைப்பு என்று நல்ல நூல்கள். ஆனால் பல பள்ளிகளில் தொழில் ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்றே பிரிவும் ஓய்வு பெற்றுவிட்டது. கடைசல் யந்திரத்தைத் தொடாமலே கடைசலைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதிய பிள்ளைகளை நாம் அறிவோம். 1953-இல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து பட்டறைக்கு அனுப்பினார்கள். 1978-க்குப் பிறகு பட்டறையைப் பாடப் புஸ்தகத்துக்குள் அடைத்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. ஏற்காடு போகும் சாலையில் நிற்கும் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் மிச்சம் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வர்ணத்திலே வந்தது. சென்னைக்குப் போகாமல், காட்சி அமைப்பு, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத் தொகுப்பு எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் நடத்தினார்கள். தச்சர் பிள்ளை அங்கே தச்சராகவே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. வேலை தெரிந்தால் போதும். இன்று அந்த வேலைகளில் பெரும்பாலானவை ஒரு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. வெள்ளிக் கொலுசுக்குப் புது வடிவம் வரைவதும், பட்டுச் சேலையின் கரைக்கு அச்சு அமைப்பதும் அதே திரையில் நடக்கின்றன. மதில் இல்லை, கற்றுக்கொடுக்கிற இடம் எது என்பதுதான் தெரியவில்லை.

2022 மார்ச்சு 1-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டவும் திறன் புகட்டவும் முயலுகிறது. தொழிற்பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்ற வழியும் இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு எஞ்சினீயரிங் காலேஜில் 7.5 சதவிகித இடம் 2021 முதல் ஒதுக்கப்படுகிறது. ஆகவே கதவுகள் இல்லாமலில்லை. இவற்றையெல்லாம் ஒரே கட்டடத்தில் இணைக்கும் பள்ளி ஒன்று நாமக்கல்லிலும் ஒன்று சேலத்திலும் வேண்டும் என்பதே நாம் கேட்பது. அதில் சேருவதற்கு மதிப்பெண் அளவுகோலாக இருக்கக் கூடாது. விருப்பம் போதும், கூட்டம் மிகுந்தால் சீட்டுக் குலுக்கலாம். பௌதிகத்தை லாரியில் கற்பிக்கலாம். சுமையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதைவிட நெம்புகோல் விதிக்கு நல்ல உதாரணம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? மேஸ்திரியை வாரம் ஒரு நாள் சம்பளம் கொடுத்து அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். பெண்பிள்ளைகளைத் தையலுக்கென்று ஒதுக்காமல் வரைபடத்துக்கும் வெல்டிங்குக்கும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே படித்த பிள்ளை டாக்டராக வேண்டுமென்று நினைத்தாலும் தடை இருக்கக் கூடாது.

இந்த யோசனையை நம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தகப்பனாரிடம் சொன்னோம். அவர் பாடி கட்டும் மேஸ்திரி. இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் முழங்கை வரையில் இருந்தன.

"இது என்னோட போகட்டுங்க சார். இவன் கையிலே பேனா இருந்தாப் போதுமுங்க" என்றார்.

அவரோடு வாதாட நமக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் வரைவதற்குத் தழும்பு வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நாமும் அவர் இடத்தில் இருந்தால் எளிதில் நம்பியிருக்க மாட்டோம். 'தொழில்' என்று சொல்லி அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் யார் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

மறு வாரம் பையன் ஒரு காகிதத்தை எடுத்து வந்தான். பள்ளிக் கம்ப்யூட்டரில் மதிய வேளையில் அவனே வரைந்த லாரிப் படம். பக்கவாட்டுத் தோற்றம், அளவுகளோடு. வீட்டில் காட்டினானாம். அப்பா வெகு நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு பென்ஸிலை வாங்கி, பின்சக்கரத்துக்கும் பாடியின் வால் முனைக்கும் இடையே போட்டிருந்த அளவை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எண்ணை எழுதியிருந்தார்.