மொட்டைமாடிக் கம்பமும் மாட்டு முளையும்

போன வாரம் புதுச்சேரி டவுனில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவ மகன் மாடிக்கு இழுத்துப் போய் ஹாம் ரேடியோ ஆன்டெனாவைக் காட்டினான். நாற்பதடி இரும்புப் பைப். ஸ்டே கம்பி மூணு. ஒண்ணு கைப்பிடிச் சுவரில், ஒண்ணு தண்ணி டேங்க் காலில், இன்னொண்ணு பக்கத்து வீட்டு வேப்பமரத்தில்.

"நல்லா இறுக்கிட்டேன் மாமா."

"இறுக்கினது சரிடா, எதுல இறுக்கினே?"

டவுன்காரங்களே, கோபப்படாதீங்க. ரேடியோவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுறீங்க, முளைக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறீங்க. கம்பத்தை நிறுத்துறது கம்பம் இல்லை, முளைதான். மாடு கட்டுற எவனைக் கேட்டாலும் சொல்வான்.

பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் நிக்குது. இழுத்தா செங்கல்லோடு தெருவில் விழும். மரம் ஆடும்போது கம்பியும் ஆடும். கம்பத்துக்கு ரொம்பக் கிட்டே கட்டினா கம்பி செங்குத்தாகி முளையை மேலே பிடுங்கும். நாற்பதடிக் கம்பத்துக்கு முப்பதடியாவது தள்ளி, மூணு பக்கமும் சம இடைவெளியில் கட்டணும். தரையில்னா முளைத்தலை கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கணும். அதைவிட நல்லது, குழி வெட்டிக் காங்கிரீட் கட்டையைப் புதைக்கிறது. மாடின்னா கீழே தூண் வர்ற இடத்தில் போல்ட் போடணும். அதுக்கு இடம் இல்லையா? உயரத்தைக் குறை. கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சாலும் கரண்ட் கம்பியைத் தொடக்கூடாது. இது உயிர் விஷயம்.

"இத்தனை நாளா நிக்குதே"ன்னு சொல்லாதீங்க. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறுச்சு. வருஷக்கணக்கில் வேர் பிடிச்ச முந்திரியும் பலாவும் சாஞ்சது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் வந்தப்போ புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை. ஊறின மண்ணு முளையைப் பிடிச்சு வைக்காது.

2004 சுனாமியில் அந்தமானில் போன் செத்தப்போ, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோக்காரங்கதான் செய்தி சொன்னாங்க. ஆபத்துக்குப் பேசத்தானே இந்த ரேடியோ? புயலில் முதலில் விழுறதே அதுன்னா எதுக்கு அது?

அன்னைக்கே பாதிப் பைப்பைக் கழற்றி இறக்கினோம். இப்போ இருபதடிதான். தூண் மேலே புதுசா போல்ட் போட்டுக் கட்டியாச்சு. பையனுக்கு முகம் தொங்கிப்போச்சு. தொங்கட்டும்.