பாயெல்லா மிச்சச் சோறு அல்ல

ஸ்பெயினின் வலென்சியாப் பகுதி அரிசி உணவான பாயெல்லாவின் பெயர், ‘மிச்சம்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அரண்மனையில் மீந்து, வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோன சோறு அது என்கிறார்கள். கதை உருக்கமானது. சான்றுதான் இல்லை.

வலென்சிய மொழியில் பாயெல்லா என்றால் வாணலி. மூலம் லத்தீனின் ‘பாட்டெல்லா’. இத்தாலியர் வாணலியை இன்றும் ‘பாடெல்லா’ என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் ‘புவால்’ என்கிறார்கள். பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்கு ஆகிவந்தது, அவ்வளவே. கோழி, முயல், அவரை, குங்குமப்பூ சேர்த்து உழவர்கள் விறகடுப்பில் புதிதாகச் சமைத்ததை மீந்த சோறு என்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அரபியருக்குச் சேரவேண்டிய பெருமை வேறு. வலென்சியாவில் நெல்லையும் வாய்க்கால் பாசனத்தையும் வேரூன்றச் செய்தவர்கள் அவர்கள். அரிசிக்கு ‘அரோஸ்’, வாய்க்காலுக்கு ‘அசேக்கியா’ என்ற ஸ்பானியச் சொற்கள் அரபு தந்தவை. அங்குள்ள அல்புஃபேரா ஏரியைச் சுற்றி அந்த நெல் இன்றும் விளைகிறது.